சிம்னி வழியே போகும் நம்ம காசு

பிரிட்டனில் குளிர்காலம் வந்தாலே நம்ம தமிழ்க் குடும்பங்களில் ஒரு பேச்சு தவறாமல் வரும். "ஹீட்டர் ஓடிக்கிட்டேதான் இருக்கு, ஹால் மட்டும் சூடாக மாட்டேங்குது." உடனே ஜன்னலைக் குறை சொல்வோம், பாய்லரைக் குறை சொல்வோம். சுவரில் சும்மா இருக்கும் பழைய கணப்பை யாரும் சந்தேகப்படுவதில்லை.

ஈஸ்ட் ஹாம், டூட்டிங் பக்கம் நாம் வாங்குகிற, வாடகைக்கு எடுக்கிற வீடுகளில் பல, நூறு வருஷத்துக்கு முன் கட்டியவை. நிலக்கரி எரித்துக் குளிர்காய்ந்த காலம் அது. அறைக்கு ஒரு கணப்பு, அதற்கு ஒரு சிம்னி. 1952 டிசம்பரில் புகைமூட்டம் லண்டனை மூடி ஆயிரக்கணக்கானோர் இறந்த பிறகு, 1956-ல் தூய காற்றுச் சட்டம் வந்தது. பின்னர் கேஸும் சென்ட்ரல் ஹீட்டிங்கும் பரவ, நெருப்பு அணைந்தது. புகை போன வழி மட்டும் பல வீடுகளில் இன்னும் திறந்தே கிடக்கிறது.

சூடான காற்று லேசானது, சிம்னி வழியே மேலே ஏறிப் போய்விடும். போன அளவுக்குக் குளிர்காற்று கதவின் அடியிலும் தரைப்பலகை இடுக்கிலும் உள்ளே வரும். காலடியில் சில்லென்று வீசுகிறதே, அதை உள்ளே இழுப்பது பெரும்பாலும் இந்தச் சிம்னிதான்.

இன்ஜினியர் புத்தி, கணக்குப் போட்டுப் பார்த்தேன். சிம்னியின் உள்விட்டம் 20 சென்டிமீட்டர், காற்று நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மணிக்குச் சுமார் 110 கன மீட்டர் காற்று போகும். 40 கன மீட்டர் ஹால் என்றால், அதன் மொத்தக் காற்றும் மணிக்கு இரண்டு மூன்று தடவை மாறுகிறது. வெளியே 5 டிகிரி, உள்ளே 20 டிகிரி இருந்தால் வெப்ப இழப்பு அரை கிலோவாட்டுக்கு மேல். ஒரு சின்ன ஹீட்டரைக் கூரை மேல் வைத்து ஓடவிட்ட மாதிரி! ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா பகல் முழுக்க உட்காருவது அந்த ஹாலில்தான்.

உங்கள் வீட்டில் சோதித்துப் பார்க்க ஓர் ஊதுபத்தி போதும். கதவு ஜன்னலை மூடிவிட்டு, கணப்பின் வாய்க்குள் பிடியுங்கள். புகை சர்ரென்று மேலே இழுபட்டால் சிம்னி திறந்திருக்கிறது.

இதற்கென்றே ஆட்டு ரோமத்தில் செய்த அடைப்பானும், காற்று ஊதி வைக்கும் பலூனும் கடைகளில் கிடைக்கின்றன. குடும்பத்தோடு ஒரு வேளை வெளியே சாப்பிடும் செலவுகூட ஆகாது. கணப்புக்குச் சற்று மேலே, குழாயின் கழுத்தில் பொருத்த வேண்டும். ஆனால் காற்றே புகாமல் அடைத்துவிடக் கூடாது. செங்கலுக்குள் ஈரம் தங்கிச் சுவரில் கறை படியும். கொஞ்சம் காற்றோட்டம் விடுங்கள். பிளாஸ்டிக் பை, பழைய பேப்பர் எல்லாம் திணிக்காதீர்கள்.

இன்னொன்று, இது உயிர் சம்பந்தப்பட்டது. அந்தச் சிம்னியோடு கேஸ் ஃபயரோ, பாய்லரோ, விறகு அடுப்போ இணைந்திருந்தால் கையே வைக்காதீர்கள். வெளியேற வழியில்லாமல் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் திரும்பும். அதற்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. சந்தேகம் இருந்தால் கேஸ் சேஃப் பதிவு பெற்றவரை அழைத்துக் கேளுங்கள். இங்கிலாந்தில் இப்படி நிலையாகப் பொருத்திய சாதனம் உள்ள அறைகளில் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது 2022 அக்டோபர் முதல் வீட்டுக்காரரின் கடமை. கேஸ் குக்கருக்கு மட்டும் விலக்கு. வாடகைக்கு இருப்பவர்கள் தயங்காமல் கேட்டு வாங்குங்கள்.

ரோம அடைப்பானைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம், சுவரில் ஓர் ஆணிகூட அடிக்க வேண்டாம். அதனால் வாடகை வீட்டுக்கும் ஏற்றது, வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும். மாட்டியதும் கண்ணில் படும்படி ஓர் அட்டையைத் தொங்கவிடுங்கள்: "சிம்னி அடைக்கப்பட்டுள்ளது, நெருப்பு மூட்டாதீர்கள்." தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். நமக்குப் பிறகு அந்த வீட்டுக்கு யார் வருவார்கள் என்று நமக்குத் தெரியாது.