தாத்தாவின் பிஎஸ்ஏ மறுபடி ஓடுமா? சந்தேகங்களும் விளக்கங்களும்

சுங்கை சிப்புட், பத்து காஜா, கோப்பேங் வட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்து பல காலம் ஆகிறது. லயத்தைக் காலி செய்து ஈப்போ பக்கம் குடிவந்தபோது சில வீட்டார் கிராணித் தாத்தாவின் மோட்டார் சைக்கிளையும் லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். பிஎஸ்ஏ, நார்ட்டன், டிரயம்ப் என்று ஏதாவது ஒன்று, வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கும். பேரப்பிள்ளைகளுக்கு இப்போது அதை ஓட்டிப் பார்க்க ஆசை. அவர்கள் கேட்கும் சந்தேகங்களில் சில இங்கே. உதாரணத்துக்கு 350 சிசி பிஎஸ்ஏ பி31-ஐ எடுத்துக்கொள்கிறேன். 1945 முதல் 1959 வரை பர்மிங்காமில் செய்த வண்டி. என் வீட்டில் நிற்பதும் அதுதான்.

தாத்தா காலமாகி இருபது வருஷம் ஆகிறது. கெரான் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. என்ன செய்வது?

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் முடிக்க வேண்டிய வேலை இது. வண்டி இறந்தவரின் சொத்து. அமானா ராயா வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ வாரிசுகள் அதிகாரம் பெற்றால்தான் ஜேபிஜேயில் பெயர் மாற்ற முடியும். கெரானில் இருக்கும் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் இருப்பதோடு ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். எஞ்சின் எண், சிலிண்டருக்குக் கீழே கிராங்க் கேஸின் இடப்பக்கத்தில் இருக்கும். அந்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தால் போதும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் எண் மழுங்கிவிடும், பிறகு ஜேபிஜே கவுண்டரில் நீங்கள்தான் விளக்கம் சொல்ல வேண்டும்.

பி31 சட்டத்தில் 500 சிசி பி33 எஞ்சின் அப்படியே உட்காரும் என்பதால் எண்கள் மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. சாலை வரி இரண்டுக்கும் ஒன்றுதான், 251 முதல் 500 சிசி வரை ஆண்டுக்கு 100 ரிங்கிட். ஆனால் பி2 லைசென்ஸ் 250 சிசியோடு நின்றுவிடும். இந்த வண்டியை ஓட்ட அது போதாது.

டேங்க் உள்ளே ஒரே துரு. தோட்டத்தில் பால் உறைய வைக்கும் ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

வேண்டாம். பார்மிக் ஆசிட் துருவை அரிக்கும்தான், தோலையும் கண்ணையும் சேர்த்தே பதம் பார்க்கும். அதைவிடச் சாதுவான வழி சலவை சோடா. டேங்கில் பெட்ரோல் வாடையே இல்லாதபடி பலமுறை கழுவுங்கள். தண்ணீர் நிரப்பிச் சோடாவைக் கரையுங்கள். மூடி வாய் வழியாக ஒரு சாதா இரும்புக் கம்பியை, டேங்கில் எங்கும் படாமல், தொங்க விடுங்கள். பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் கம்பிக்கு, நெகட்டிவ் டேங்குக்கு. எவர்சில்வர் கம்பி கூடாது, தண்ணீர் நஞ்சாகிவிடும். குமிழியாக வருவது ஹைட்ரஜன். ஆகவே வெட்டவெளியில்தான் செய்ய வேண்டும், சிகரெட்டோடு யாரும் கிட்டே வரக் கூடாது.

மறுநாள் காலையில் கம்பியில் சேறு அப்பிக்கிடக்கும். டேங்கை அலசிக் காயவைத்து, உடனே கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குலுக்கிவிடுங்கள். நம்ம ஊர் ஈரக்காற்றில் தாமதித்தால் மத்தியானத்துக்குள் மறுபடி செம்பொடி படிந்துவிடும்.

காலையில் ஒரே உதையில் ஸ்டார்ட் ஆகிறது. பத்து மைல் ஓடி டீக்கடையில் நிறுத்தினால், பிறகு எவ்வளவு உதைத்தாலும் அசையவில்லையே?

அதிகம் வரும் சந்தேகம் இதுதான். நானும் இதில் ஏமாந்திருக்கிறேன். கார்புரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினேன். ஒரு பட்டறையில் வால்வு போய்விட்டது என்றார்கள், அதையும் மாற்றினேன். கோப்பேங்கில் அதே டீக்கடை வாசலில், அதே வெயிலில், மறுபடியும் உதைத்துக்கொண்டிருந்தேன்.

கோளாறு மேக்னெட்டோவில் இருந்தது. பேட்டரி உதவியில்லாமல் தானே மின்சாரம் செய்து பிளக்குக்கு அனுப்பும் கருவி அது. உள்ளே முடி போன்ற செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றியிருக்கும். அதன் மேல் பூசிய அரக்கு பல பத்தாண்டு வெக்கையிலும் ஈரத்திலும் கெட்டிருக்கும், பக்கத்தில் இருக்கும் கண்டென்சரும் கசியத் தொடங்கியிருக்கும். குளிர்ந்திருக்கும்போது சமாளிக்கும். எஞ்சின் சூடு ஏறியதும் மின்சாரம் உள்ளுக்குள்ளேயே கசிந்து போகும்.

சோதிப்பது சுலபம். வண்டி மக்கர் செய்யும் அந்த நேரத்திலேயே பிளக்கைக் கழற்றி, வயரோடு சிலிண்டரில் ஒட்டி வைத்து, பிளக் துளைக்கு எட்டத்தில் பிடித்து உதையுங்கள். மஞ்சளாக ஒரு சோகைப் பொறி வரும், அல்லது ஒன்றுமே வராது. ஒரு மணி நேரம் கழித்து அதே பிளக் நீலப் பொறி விட்டால் சந்தேகமே வேண்டாம். சுருளைப் புதிதாகச் சுற்றி, கண்டென்சரையும் மாற்ற வேண்டும். தண்ணீர்ப் பம்பு மோட்டாருக்குக் காயில் சுற்றுபவரிடம் கொடுத்துவிடாதீர்கள். மேக்னெட்டோ சுற்றிப் பழகிய கை வேண்டும். கைக்காசை முதலில் கொட்ட வேண்டிய இடம் இதுதான், குரோமியம் முலாம் அல்ல.

எந்தப் பெட்ரோல்?

ரான் 95 தாராளம். போர்க்காலத்திலும் அதற்குப் பிறகும் கிடைத்த, 72 ஆக்டேன் அளவே இருந்த மட்டப் பெட்ரோலில் ஓடப் பிறந்த எஞ்சின் இது.

ஒரு மாதம் நிறுத்திவைத்தால் ஆயில் டேங்க் காலியாகிவிடுகிறது. கீழே ஒரு சொட்டு இல்லை. எங்கே போகிறது?

எஞ்சின் வயிற்றுக்குள். பம்பு வழியாக மெல்ல இறங்கிவிடும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் சைலன்சர் கொசு மருந்து அடிப்பதுபோல் புகை கக்கும். அடியில் உள்ள தட்டைக் கழற்றி வடித்துவிட்டு, டேங்கில் ஊற்றிய பிறகு உதையுங்கள்.

பகலிலும் விளக்கு எரிய வேண்டும் என்கிறார்களே?

ஆமாம். 1992 முதல் மோட்டார் சைக்கிளுக்குப் பகலிலும் முகப்பு விளக்கு கட்டாயம். அந்தச் சட்டம் வருவதற்கு முப்பது நாற்பது வருஷம் முன்னால் செய்த வண்டிக்கு இது ஒரு பாரம். 6 வோல்ட் டைனமோ, முழு வேகத்தில் தருவதே 60 வாட். ஈப்போ டவுனில் சிவப்பு விளக்குக்குச் சிவப்பு விளக்கு நின்று போனால் விளக்கு பேட்டரியைத்தான் உறிஞ்சும். எல்இடி பல்பும் எலக்ட்ரானிக் ரெகுலேட்டரும் போட்டால் பிரச்சினை தீரும். பல்பு வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1950களின் இந்த வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ்தான் சட்டத்தோடு இணைந்திருக்கும். சாதாரண எல்இடி அதில் எரியாது.

உதிரிப் பாகம்? பெயிண்ட்?

பழைய பிஎஸ்ஏ நிறுவனம் 1973-ல் முடிந்துபோனது. பெயர் இப்போது மகிந்திரா குழுமத்தின் கையில். ஆனாலும் பழைய மாடல்களுக்குப் பாகங்கள் பிரிட்டனிலும் இந்தியாவிலும் இன்னும் செய்கிறார்கள். நம் கடைகளின் மில்லிமீட்டர் ஸ்பேனர் இதற்குச் சேராது, நட்டின் மூலையைத்தான் மொழுக்கும். விட்வொர்த் அளவு செட் ஒன்று வாங்குங்கள்.

பெயிண்டை ஓராண்டு ஓட்டிய பிறகு பார்த்துக்கொள்ளலாம். மலாக்கா நீரிணைக்கு அந்தப் பக்கம், சுமத்ராவின் சியந்தாரில், உலகப் போர்க்காலத்து பிஎஸ்ஏக்கள் பக்கவண்டி கட்டிப் பெச்சாவாக ஆள் ஏற்றின. அவற்றில் எது பளபளத்தது?

முதல் பயணம் எங்கே போகலாம்?

முதலில் வீட்டு வாசலிலேயே கால் பழகுங்கள். இந்த வண்டிக்கு வலது காலில் கியர், இடது காலில் பிரேக். கப்சாயில் பழகியவர் அவசரத்தில் வலது காலைத்தான் அழுத்துவார், வண்டி நிற்காது. முன்சக்கரத்தில் இருப்பதும் டிரம் பிரேக்தான். மழையில் நனைந்தால் பிடிப்பு குறையும், அதிலும் தைப்பிங் மழையை நான் சொல்ல வேண்டியதில்லை. பழைய பிரேக் ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். தோல் வெடித்த டயர், எவ்வளவு பூ இருந்தாலும், குப்பைக்குத்தான்.

பிறகு பத்து காஜா சாலையில் கெல்லி மாளிகை வரை ஒரு நடை போய், மாலை மழைக்கு முன் திரும்புங்கள். நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் இல்லைதான். அதற்காக மெனோரா ஏற்றத்தில் லாரிகளுக்கு நடுவே இதைக் கொண்டுபோகாதீர்கள். செம்மோர், சுங்கை சிப்புட் வழியே கோலகங்சாருக்குப் பழைய சாலை இருக்கிறது, சுமார் 50 கிலோமீட்டர். 1877-ல் நட்ட ரப்பர் மரங்களில் மிஞ்சிய ஒன்று அங்கே மாவட்ட நில அலுவலகத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. வண்டியை அதன் அருகே நிறுத்திப் படம் எடுங்கள். மேக்னெட்டோவை இன்னும் சுற்றவில்லை என்றால், எஞ்சின் ஆற ஒரு மணி நேரம் சேர்த்துக் கணக்குப் போட்டுக் கிளம்புங்கள்.