பழைய எக்ஸ்.எல். வாங்கப் போகிறீர்களா? சூப்பரா, நூறா?

மளிகைக் கடைக்காரருக்குத் தராசு எப்படியோ அப்படித்தான் எக்ஸ்.எல். வண்டியும். 1980இல் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்த நாள் முதலாக இந்த இனத்து வண்டிகள் நம் கடை வாசலை விட்டு அகலவில்லை. முன்னால் ஒரு அரிசிச் சிப்பம், பின்னால் எண்ணெய் டின், கைப்பிடியில் நாலு பை என்று ஏற்றிக் கொண்டு சந்துக்குள் புகுந்து வர வேறு எந்த வண்டியால் முடியும்?

புதிது வாங்க எல்லோருக்கும் வசதிப்படாது. பழையதாக வாங்குவோர் முன் வந்து நிற்பவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று எக்ஸ்.எல். சூப்பர், மற்றது எக்ஸ்.எல். 100. பார்வைக்கு அண்ணன் தம்பி போல் இருக்கும். என்ஜினில்தான் வேறுபாடு. சூப்பர் 69.9 சி.சி., இரண்டு ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும். நூறு 99.7 சி.சி., நான்கு ஸ்ட்ரோக், 2015இல் வந்தது. வெறும் பெட்ரோல் போதும், ஆனால் என்ஜின் ஆயிலைத் தவணை தவறாமல் மாற்ற வேண்டும்.

நம்மவர்கள் முதலில் கேட்பது விலை. சூப்பர் மலிவாகக் கிடைக்கிறது என்று மகிழ்ந்து போகிறார்கள். நான் முதலில் கேட்பது, வண்டி ஒரு நாளில் எத்தனை கிலோமீட்டர் ஓடப் போகிறது என்பதுதான். சுமையோடு சூப்பர் லிட்டருக்கு 45, நூறு 55 கொடுப்பதாக வைத்துக் கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றும் கொள்வோம். தினம் 30 கிலோமீட்டர் ஓடினால் பெட்ரோலில் மட்டும் 12 ரூபாய் வித்தியாசம். சூப்பருக்கு லிட்டருக்கு 20 மில்லி கணக்கில் கலக்கும் ஆயிலுக்கு இன்னும் ஒரு 5 ரூபாய். ஆக நாளொன்றுக்கு 17 ரூபாய். மாதம் 26 நாள் ஓட்டினால் வருடத்தில் 5,300 ரூபாய் வருகிறது. நூறுக்கு ஆயில் மாற்றும் செலவைக் கழித்தாலும் கையில் நிற்பது கணிசமான தொகை. அதுவே கடையிலிருந்து நாலு தெருவுக்குள் தினம் 5 கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டி என்றால் நாளைக்கு மூன்று ரூபாய் கூட வராது. அவர்களுக்கு நல்ல சூப்பர் கிடைத்தால் அது போதும். மூலைக் கடை மெக்கானிக்கே பிரித்துப் பூட்டிக் கொடுத்து விடுவார்.

சூப்பரில் ஒரு தொல்லை உண்டு. கடைப் பையன் அவசரத்தில் ஆயில் கலக்காமல் பெட்ரோல் மட்டும் போட்டு ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக் கொள்ளும். முன்பு போல எல்லா பம்புகளிலும் அந்த ஆயில் கிடைப்பதுமில்லை. வாங்கிக் கடையிலேயே வைத்துக் கொள்வது நல்லது.

நூறு வாங்குவோர் அது எந்த வருடத்து வண்டி என்று பார்க்க வேண்டும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி அமலானது. அதற்கேற்ப வந்த வண்டிகளில் கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலை இன்ஜெக்ஷன் முறையில் செலுத்துகிறார்கள். அதில் கோளாறு வந்தால் கம்ப்யூட்டர் கருவி வைத்திருப்பவரிடம்தான் போக வேண்டும். உங்கள் ஊரில் அப்படி ஆள் உண்டா என்று விசாரித்துக் கொள்ளுங்கள்.

இனி வண்டியைப் பார்க்கும் விதம். போனவுடன் என்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறது என்றால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். ஆறின என்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நூறில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, ரிங் வேலையோ வால்வு வேலையோ காத்திருக்கிறது. சூப்பரில் கொஞ்சம் புகை இருக்கத்தான் செய்யும். அதை வைத்து ஒதுக்க வேண்டாம். ஏற்றத்தில் இழுவை குறைந்தால் சைலன்சரில் கரி அடைத்திருக்கலாம், அது சிறு செலவு. அழுத்தம் குறைந்திருந்தால் செலவு பெரிது.

பிரேமை விட்டு விடாதீர்கள். நம் தொழில் வண்டிகள் பாரம் சுமந்தவை. கால் வைக்கும் தளத்துக்குக் கீழே குனிந்து பார்த்தால் வெல்டிங் விட்ட இடம் தெரியும். மற்ற இடமெல்லாம் மங்கி, அந்த ஓரிடத்தில் மட்டும் புதுக் கறுப்புப் பெயிண்ட் இருந்தால் சந்தேகப்படுங்கள். எக்ஸ்.எல். 100க்கு ஓட்டுபவரையும் சேர்த்து 130 கிலோதான் பாரம். 65 கிலோ ஆள் ஏறி இரண்டு 25 கிலோ சிப்பம் போட்டாலே 115 ஆகி விடுகிறது. நாம் அதற்கு மேலும் ஏற்றுகிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததே.

வெறும் வண்டியை ஓட்டிப் பார்த்து வாங்காதீர்கள். ஒரு சிப்பத்தைக் கையோடு கொண்டு போய் ஏற்றி, பாலம் ஏதாவது இருந்தால் அதில் ஏறிப் பாருங்கள். கிளம்பும்போது உதறினாலோ, சத்தம் மட்டும் கூடி வண்டி நகராவிட்டாலோ கிளட்ச் தேய்ந்திருக்கிறது. விலையில் அதைக் கழிக்கச் சொல்லலாம்.

காகிதம் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனெனில் என்ஜினை விட அதில்தான் பணம் போகிறது. 2017 ஏப்ரலில் பி.எஸ்.4 விதி வந்தபின் இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் முடிந்தது. ஆகவே விலைக்கு வரும் சூப்பர் எல்லாமே வயதானவை. ஆர்.சி. 15 வருடத்துக்குத்தான் செல்லும். அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். 300 ரூபாயாக இருந்த அந்தக் கட்டணம் 2022 ஏப்ரலில் 1,000 ஆனது. நம் மாநிலத்தில் பசுமை வரியும் உண்டு. மலிவு விலைச் சூப்பருக்கு இவற்றையும் கூட்டிப் பார்த்து விலை பேசுங்கள். ஆர்.சி.யில் உள்ள என்ஜின், சேஸிஸ் எண்களை வண்டியோடு ஒத்துப் பாருங்கள். நூறு என்றால் அதில் கடன் பாக்கி உள்ளதா என்றும் பாருங்கள்.

படிவம் 29, 30இல் கையெழுத்து வாங்கிப் பெட்டியில் போட்டு வைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. இது விற்பவருக்கு ஆபத்து. விபத்து நடந்தால் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற மனுச் செய்ய வேண்டும். பழைய வண்டியை இன்னொரு கடைக்காரருக்குத் தள்ளி விடுகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

யார் ஓட்டுவது என்பதும் இருக்கிறது. 16 வயதில் கொடுக்கும் லைசென்ஸ் 50 சி.சி.க்குள் அடங்கும் வண்டிக்கு மட்டுமே. 69.9 ஆனாலும் 99.7 ஆனாலும் 18 முடிந்திருக்க வேண்டும். லீவு நாளில் கடைக்கு வரும் பையனிடம் சாவியைக் கொடுத்தால், 2019 சட்டத் திருத்தப்படி உரிமையாளருக்கு 25,000 ரூபாய் அபராதமும் மூன்று வருடம் வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதத்துக்கு ரத்தாகும்.