மலைத் தண்ணீரைத் தடுக்கும் இரும்புக் கதவு

கம்பத்தில் இருந்து கூடலூர் வழியாகக் குமுளிக்குப் பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். மலை அடிவாரத்தில் லோயர் கேம்ப். மலைச் சரிவில் நான்கு ராட்சதக் குழாய்கள். மலைப்பாம்புகள் போல அவை கீழே இறங்கி வருகின்றன.

அந்தக் குழாய்களுக்குள் பாய்வது பெரியாற்றுத் தண்ணீர். மேற்கே ஓடி அரபிக் கடலில் விழுந்த ஆற்றை அணை கட்டித் தடுத்து, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார், பென்னிகுக் என்ற ஆங்கிலேய இன்ஜினீயர். 1895-ம் ஆண்டு அணை வேலை முடிந்தது. அப்போது தண்ணீர் பயிருக்கு மட்டும்தான். அதே தண்ணீரில் மின்சாரமும் எடுக்கலாம் என்று பின்னால் யோசனை வந்தது. 1958-ல் இருந்து லோயர் கேம்பில் மின்சாரம் உற்பத்தி ஆகிறது.

ஒரு யந்திரம் ஓட விநாடிக்கு சுமார் 400 கன அடி தண்ணீர் வேண்டும். அதாவது, கண் மூடித் திறப்பதற்குள் 11 ஆயிரம் லிட்டருக்கு மேல்! ஒரு பெரிய தண்ணீர் லாரியே காலி.

இந்த வெள்ளத்தை நிறுத்துவது எப்படி?

பட்டாம்பூச்சிக் கதவு

அதற்குத்தான் வால்வு. வீட்டுக் குழாயில் திருகு இருக்கிறதே, அதன் அண்ணன். மின்சார நிலையங்களில் ஒரு வகை வால்வுக்குப் 'பட்டாம்பூச்சி' என்று பெயர். குழாயின் நடுவே வட்டமான இரும்புத் தட்டு இருக்கும். தட்டு திரும்பினால் வழி திறக்கும். குறுக்கே நின்றால் வழி அடைபடும். இதைத் தவிர, யந்திரத்துக்கு வேண்டிய அளவுக்குத் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் கருவியும் உண்டு. கரும்பு ஆலையில் நீராவியைக் கட்டுப்படுத்தும் வால்வும் இதே ஜாதிதான்.

10 மீட்டர் உயரத்தில் நிற்கும் தண்ணீர், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் இடத்தையும் சுமார் ஒரு கிலோ எடையோடு அழுத்தும். லோயர் கேம்பில் தண்ணீர் இறங்குவது 300 மீட்டருக்கும் மேல். அப்படியானால் அழுத்தம் 30 கிலோவுக்கு மேல்! விரல் நகம் அளவு இடத்தில் ஒரு சிறுவன் ஏறி நிற்பது போல.

இந்த அழுத்தத்தில் சிறு கசிவும் பொல்லாதது. ஊசி போலப் பீறிடும் தண்ணீர் இரும்பையே அரித்துவிடும். மணல் கலந்திருந்தால் கேட்கவே வேண்டாம்.

வால்வைத் திடீரென்று மூடுவதும் ஆபத்து. ஓடி வந்த தண்ணீர் சம்மட்டி போலக் குழாயை அறையும். மோட்டாரை நிறுத்தியதும் வீட்டுக் குழாய் 'டம்' என்று அதிருமே, அதே அடிதான். ஆகையால் பெரிய வால்வு நிதானமாகத்தான் மூடவேண்டும்.

சைபீரியாவில் நடந்தது

2009 ஆகஸ்டு 17. ரஷ்யாவில் சைபீரியாப் பகுதியில் ஒரு மாபெரும் நீர் மின்சார நிலையம். ஒரு யந்திரத்தின் மூடியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் அதிர்ந்து அதிர்ந்து தேய்ந்து போயிருந்தன. மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது. வெள்ளம் புகுந்தது. 75 பேர் இறந்தார்கள்.

மின்சாரம் நின்றதால், மேலே தண்ணீர் நுழையும் கதவுகள் தாமாக மூடவில்லை. ஊழியர்கள் அணையின் உச்சிக்கு ஏறிப்போய்க் கையால் மூடினார்கள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

கதவு பல நாள் அசையாமல் நிற்கும். வேண்டிய அன்றைக்கு மூடியே ஆகவேண்டும். அசையாமல் நிற்கும் பொருளில்தான் துரு ஏறும், பிசின் கட்டும். எனவே, நல்ல நாளிலேயே அதை அசைத்துப் பார்க்கிறார்கள்.

என்ன செய்வார்கள்?

தினமும் பார்ப்பது சுலபமான வேலை. தண்ணீர் சொட்டுகிறதா? எண்ணெய் கசிகிறதா? அழுத்தம் காட்டும் முள் சரியான இடத்தில் நிற்கிறதா? அனுபவசாலிக்குக் காதே போதும். 'உஸ்' என்ற சத்தம் புதிதாகக் கேட்டால் நின்றுவிடுவார்.

வால்வின் தண்டைச் சுற்றிக் கயிறு போன்ற அடைப்பு இருக்கும். சொட்டுகிறதே என்று அதை ஒரேயடியாக முறுக்கக் கூடாது. தண்டு இறுகிக்கொள்ளும்; வால்வு அசையாது. தேய்ந்த அடைப்பை மாற்றுவதே முறை. அதோடு எண்ணெய் வடிகட்டியைச் சுத்தம் செய்வார்கள். கிரீஸ் போடுவார்கள்.

முழுதாகப் பிரித்துப் பார்க்க யந்திரத்தை நிறுத்தவேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் முதல் போகத்துக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறப்பது வழக்கம். அதற்கு முந்திய வறண்ட மாதங்களே இதற்குத் தோதான காலம். மின்சார நிலையம் நின்றாலும் தண்ணீர் முழுதாக நின்றுவிடாது. இரைச்சல் பாலம் என்ற மாற்று வழியில் இறங்கி முல்லையாற்றுக்குப் போகும். பெயருக்கு ஏற்ற இரைச்சல்தான்!

ஆள் குழாய்க்குள் இறங்கும்முன் மேல் கதவை மூடி, தண்ணீரை வடித்து, பூட்டுப் போட்டு, 'ஆள் வேலை செய்கிறார், திறக்காதே' என்று பலகை மாட்டவேண்டும். சாவி, இறங்குகிறவரிடமே இருப்பது நல்லது.

வேலை முடிந்ததும் சோதனை. கையில் கடிகாரத்தோடு ஒருவர் நிற்பார். வால்வு திறக்க எத்தனை விநாடி, மூட எத்தனை விநாடி என்று நோட்டில் குறிப்பார். பிறகு போன வருடத்துப் பக்கத்தைப் புரட்டுவார். மூடும் நேரம் கூடியிருந்தால், மறுபடி பிரிக்கவேண்டியதுதான்.