இயந்திரத்துக்குள் ஓர் இயந்திரம்

பாறசாலைச் சந்தையில் ஒருவர் ‘கொஞ்சம் வெள்ளம் வேணும்’ என்றால் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். எங்கள் பூர்வீகமான வந்தவாசிப் பக்கம் வெள்ளம் என்றால் ஏரி உடைந்து ஊருக்குள் வருவது. சொல் ஒன்றுதான், கேட்கிற காதைப் பொறுத்துப் பொருள் மாறும். செயலி எனப்படும் பிராசசரிடமும் இதே கதைதான். 1978இல் வந்த இன்டெல் 8086 செயலியிடம் 40 என்ற பதினாறடிமான எண்ணைக் கொடுத்தால், ‘ஏஎக்ஸ் என்ற பெட்டியில் உள்ள தொகையோடு ஒன்று கூட்டு’ என்று எடுத்துக்கொள்ளும். இன்றைய செயலி 64 பிட் நிலையில் ஓடும்போது அதே எண்ணைக் கொடுத்தால் கூட்டாது. அடுத்து வரும் கட்டளைக்கு முன்னொட்டு என்று நினைத்துக்கொள்ளும்.

இதைப் படிக்க வேண்டிய அவசியம் எனக்கு எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். சில வருஷங்களுக்கு முன் நெய்யாற்றின்கரைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தாள். “அண்ணாச்சி, எனக்குக் கல்யாணப் பாத்திரம் எடுக்கணும்னு அப்பா உங்ககிட்ட மாசாமாசம் ரூபா கட்டினாரு. கடைசி வரை ஒண்ணும் எடுக்கல. அவரும் போயிட்டாரு” என்றாள். கையில் 1997ஆம் வருஷத்து ரசீது ஒன்றே ஒன்று. அந்த வருஷங்களின் பேரேடு முழுவதும் டாஸ் காலத்துக் கம்ப்யூட்டரில் இருந்தது. தெரிந்த பையன் ஒருவன் டர்போ பாஸ்கல் மொழியில் எழுதிக் கொடுத்த கணக்கு நிரல். கம்ப்யூட்டர் காயலான் கடைக்குப் போய்விட்டது, சிடியில் நகல் மட்டும் மிச்சம். கடையின் 64 பிட் விண்டோஸ் அதைத் திறக்கவே மறுத்தது. மூலையில் கிடந்த எக்ஸ்பி கம்ப்யூட்டரோ ‘ரன்டைம் எரர் 200’ என்று சொல்லி நின்றுவிட்டது. சிதறால் மலையில் வட்டெழுத்துக் கல்வெட்டுக்கு முன் நிற்பவர் நிலைதான் என் நிலையும். எழுதியிருப்பது தமிழ்தான், வாசிக்கத்தான் முடியவில்லை.

இதற்கு வழி, இல்லாத செயலியை இருப்பதுபோல் நடத்திக் காட்டுவது. 2002இல் வெளிவந்த டாஸ்பாக்ஸ் அந்த வகை மென்பொருள். அதற்குள் இருக்கும் ‘செயலி’ சிலிக்கான் சில்லு அல்ல. ஏஎக்ஸ், பிஎக்ஸ் முதலிய பெட்டிகள் எல்லாம் நினைவகத்தில் ஒதுக்கிய சில இடங்கள்தாம். ‘அடுத்த கட்டளை எங்கே’ என்பதும் அங்கே குறித்து வைத்த ஓர் எண். மென்பொருள் ஒரு கட்டளையை எடுக்கும், பழைய அகராதிப்படி பொருள் பார்க்கும், அந்த வேலையைச் செய்யும், அடுத்ததற்குப் போகும். ஒன்று கூட்டினால் மட்டும் போதாது. விடை பூஜ்யமா, எதிர்க்குறியா, பெட்டி நிரம்பி வழிந்ததா என்று அசல் செயலி குறித்து வைக்கும் கொடிகளையும் பிசகாமல் ஏற்றி இறக்க வேண்டும். ஆகவே ஒரு பழைய கட்டளைக்குப் புதுச் செயலி பல கட்டளைகளைச் செலவழிக்கிறது. கோர்ட்டில் சாட்சி சொல்லச் சொல்ல வரிக்கு வரி பெயர்த்துச் சொல்லும் துபாஷியை நினைத்துக்கொள்ளுங்கள்.

2003இல் ஃபாப்ரிஸ் பெல்லார் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட ‘கியூஎமு’ இன்னும் சாமர்த்தியம். ஒரு தாவல் கட்டளை வரும்வரை உள்ள பகுதியை மொத்தமாகப் பெயர்த்து வைத்துக்கொள்ளும். அதே பகுதி மறுபடி வந்தால், பெயர்த்து வைத்ததையே ஓட்டும். நிரல்கள் ஒரே இடத்தில் ஆயிரம் தடவை சுற்றுபவை என்பதால் லாபம் பெரிது.

உள்ளே இருக்கும் இயந்திரமும் வெளியே இருக்கும் இயந்திரமும் ஒரே பாஷை பேசினால் துபாஷி எதற்கு? கட்டளைகளை அசல் செயலியிலேயே நேராக ஓடவிட்டு, அதிகாரம் வேண்டிய கட்டளை வரும்போது மட்டும் மேற்பார்வை மென்பொருள் குறுக்கிட்டால் போதும். ஐபிஎம் பெருங்கணினிகளில் 1960களிலேயே இது நடந்தது. இதற்கான நிபந்தனைகளை 1974இல் போபெக், கோல்ட்பெர்க் இருவரும் இலக்கணமாக எழுதினார்கள். இன்டெல் வகைச் செயலி நெடுநாள் அந்த இலக்கணத்துக்கு அடங்கவில்லை. அதிகாரம் இல்லாதவன் ‘பாப்எஃப்’ கட்டளையால் குறுக்கீட்டுக் கொடியை மாற்ற முயன்றால் அது முறையிடாது, பேசாமல் விட்டுவிடும். முறையிட்டால்தானே மேற்பார்வையாளனுக்குத் தெரியும்? இன்டெல் 2005இலும் ஏஎம்டி 2006இலும் செயலிக்குள்ளேயே இதற்கு வசதி செய்த பிறகுதான் சிக்கல் தீர்ந்தது.

இங்கிருந்து சுமார் 30 கிலோமீட்டரில், திருவனந்தபுரம் சி-டாக் நிறுவனத்தில் ‘வேகா’ செயலிகளை வடிவமைத்திருக்கிறார்கள். சென்னை ஐஐடியில் ‘சக்தி’. இரண்டும் ரிஸ்க்-ஃபைவ் என்னும் கட்டளைத் தொகுதியைச் சேர்ந்தவை. அந்தப் பாஷையில் எழுதிய நிரலை, சில்லு கைக்கு வராமலே, வீட்டு இன்டெல் கம்ப்யூட்டரில் கியூஎமு வழியாக ஓட்டிப் பார்க்கலாம். படிக்கிற பிள்ளைகள் உள்ள வீட்டார் கவனிக்க.

எரர் 200 விஷயம் வேடிக்கையானது. டர்போ பாஸ்கல் நிரல் தொடங்கும்போதே, 55 மில்லிசெகண்டில் தான் எத்தனை சுற்று ஓடுகிறது என்று எண்ணி 55ஆல் வகுக்கும். விடையை வைக்கும் பெட்டியில் 65,535 வரைதான் கொள்ளும். புதுச் செயலியின் வேகத்தில் விடை அதைத் தாண்டிவிட, நிரல் வகுத்தல் பிழை என்று விழுந்துவிடுகிறது. டாஸ்பாக்ஸில் மில்லிசெகண்டுக்கு இத்தனை கட்டளைதான் என்று கட்டிப்போடலாம். 3,000 என்று வைத்தேன். நீல நிறத்தில் பழைய திரை வந்து நின்றது.

அவள் தகப்பனார் பெயரில் 11 தவணை, தவணைக்கு 350 ரூபாய், ஆக 3,850 ரூபாய் எங்கள் பக்கம் நின்றது. அன்றைய வெண்கல விலைக்கு எத்தனை கிலோவோ அத்தனை கிலோ கணக்குப் போட்டு ஓர் உருளியும் இரண்டு குத்துவிளக்கும் கொடுத்தோம். கணக்கை அந்தப் பழைய திரையிலேயே நேர் செய்து முடித்தேன்.