மிளகாயின் காரமும் மனித சரீரமும்

மிளகாய் பயிரிடும் குடியானவர்களுக்கு அதன் காரத்தைப்பற்றி எடுத்துரைப்பது மிகையென்று தோன்றலாம். ஆயினும் காரம் என்பது யாது, சரீரத்தில் அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அறியாமையால் களத்திலும் வீட்டிலும் வீண் துன்பம் நேர்வதை நான் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒரு மாசி மாதத்தில் முதுகுளத்தூர்ப் பக்கத்தில் ஒரு களத்தைப் பார்வையிடச் சென்றிருந்தேன். முண்டு வற்றலுக்குக் காம்பு நீக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்பிள்ளை, அழுத குழந்தையை எடுப்பதற்காகக் கைகளை மூன்று முறை தண்ணீரில் கழுவினாள். அப்படியும் குழந்தையின் முகத்தில் அவள் கை பட்டவுடன் அது வீறிட்டு அலறிற்று. நிலச் சொந்தக்காரர், "எல்லாம் பழகிவிடும்" என்றார். இக்கூற்றில் எவ்வளவு உண்மை உண்டென்பதை ஆராய்வோம்.

காரம் இருக்குமிடம்

விதையே காரமென்று பலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. விதைகள் ஒட்டியிருக்கும் வெண்மையான உட்சதையிலேதான் காப்ஸைஸின் என்னும் காரப்பொருள் உண்டாகிறது. விதையின்மேல் இருப்பது அங்கிருந்து படிந்ததேயாம். இப்பொருள் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். மூன்று முறை கழுவியும் அப்பெண்ணின் கையைவிட்டுக் காரம் நீங்காததற்குக் காரணம் இதுவே.

சரீரம் கொள்ளும் மயக்கம்

நாவிலும், தோலிலும், கண்ணிலும் உள்ள நரம்பு நுனிகளில் சூட்டை அறிவிக்கும் ஏற்பிகள் உண்டு. ஏறக்குறைய 43 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட சூடு பட்டால் அவை மூளைக்கு அபாயத்தை அறிவிக்கும். காப்ஸைஸின் இவ்வேற்பிகளிலேயே சென்று பற்றிக்கொள்வதை 1997-ம் வருஷத்தில் டேவிட் ஜூலியஸ் என்பவரும் அவரைச் சேர்ந்தவர்களும் கண்டறிந்தனர். இவ்வழியில் செய்த ஆராய்ச்சிக்காக அவர் 2021-ல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

ஆகவே, மிளகாய் நாவைச் சுடுவதில்லை; சுட்டதாக நரம்பு அறிவிக்கிறது. மூளை அதனை மெய்யென்றே கொண்டு, உடலைக் குளிர்விக்க வியர்வையை வரவழைக்கிறது, முகம் சிவக்கிறது. உறுத்தும் பொருளைக் கழுவித் தள்ளுவதற்காக மூக்கிலும் கண்ணிலும் வாயிலும் நீர் பெருகுகிறது. பறவைகளிடத்தில் இவ்வேற்பி காப்ஸைஸினுக்கு இசைவதில்லை. கிளிகள் பழுத்த மிளகாயைக் கூசாமல் தின்பது இதனாலேயே.

பழக்கம் என்பது

காரம் இடைவிடாது பட்டால் அந்நரம்பு நுனிகள் ஓரளவு மரத்துப்போகின்றன. நாள்தோறும் காரம் உண்பவர் பிறரைவிட அதிகம் தாங்குவது இதனாலாகும். ஆதலின் சொந்தக்காரர் சொன்னதில் பாதி உண்மையே. ஆனால் தாய்க்குப் பழகியது குழந்தைக்குப் பழகியதாகாது. கைக்குப் பழகியது கண்ணுக்குப் பழகியதாகாது.

வயிற்றுப் புண்ணைக் காரமே உண்டாக்குகிறது என்பதும் தவறான எண்ணம். பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஒருவகைக் கிருமியும், சில வலி நிவாரண மருந்துகளுமே. எனினும் புண் உள்ளவர்க்குக் காரம் வேதனையை மிகுவிக்கலாம். அன்னோர் குறைத்துக்கொள்ளுதல் நலம்.

செய்ய வேண்டியவை

1. வாய் எரிந்தால் தண்ணீர் குடிப்பது கணநேர ஆறுதலே தரும். பால், தயிர், மோர் இவற்றில் ஒன்றை வாயில் சற்று நிறுத்தி விழுங்குக. அவற்றிலுள்ள கேஸீன் என்னும் புரதம் காரப்பொருளைப் பற்றி அகற்றும்.

2. கை எரிந்தால் கடலையெண்ணெயோ நல்லெண்ணெயோ தடவித் தேய்த்துத் துணியால் துடைத்து, பின் சவுக்காரமிட்டுக் குளிர்ந்த நீரில் கழுவுக. வெந்நீர் கூடாது, சூடு பட்டால் எரிச்சல் அதிகரிக்கும்.

3. கண்ணில் பட்டால் கசக்காமல், சுத்தமான குளிர்ந்த நீரை கால் மணி நேரம் விட்டுக் கழுவுக. கண்ணில் எண்ணெய் விடலாகாது. எரிச்சல் தணியாவிடில் வைத்தியரிடம் காட்டுக.

4. வற்றலைக் கிளறும்போதும் மூட்டை பிடிக்கும்போதும் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்க. காற்று வீசும் திசைக்கு முதுகைக் காட்டி நின்று வேலை செய்க.

5. குழந்தைகளைக் களத்தினின்று அப்பால், காற்றுக்கு எதிர்ப்புறமான நிழலில் இருத்துக.

மேற்சொன்ன களத்தில் ஒரு கிண்ணம் எண்ணெயும் ஒரு துண்டு சவுக்காரமும் வரவழைத்தோம். அப்பெண் அவற்றால் கையைச் சுத்தம் செய்துகொண்டபின் குழந்தையை எடுத்தாள். இம்முறை அது அழவில்லை. மூட்டை மூட்டையாக வற்றல் விற்பவர்க்கு இச்செலவு ஒரு பொருட்டன்று. நிலச் சொந்தக்காரர்கள் அறுவடைக்கு முன்பே இவற்றைக் களத்தில் சேகரித்து வைப்பார்களாக. கிராம அதிகாரிகளும் இவ்விஷயத்தைக் கூட்டங்களில் எடுத்துரைப்பின், மிளகாய் பறிக்கும் கைகளுக்குப் பேருதவி செய்தவராவர்.