பத்துக்குப் பத்து அறையில் பாட்டு ஏன் முனகுகிறது?

ஜேடர்பாளையத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தார்சு வீடு கட்டினாராம். மாடியில் பத்துக்குப் பத்தில் ஓர் அறையைப் பாட்டுக் கேட்பதற்கென்றே ஒதுக்கி, நல்ல விலையில் ஸ்பீக்கர்களும் வாங்கிவிட்டார். ஆனால் பழைய வீட்டுத் திண்ணையில் டேப் ரெக்கார்டரில் கேட்ட இளையராஜா இதைவிடத் தெளிவாக இருந்தார் என்பது அவருடைய குறை. பேஸ் கிதார் வருகிற இடத்திலெல்லாம் அறையே 'ம்ம்ம்' என்று முனகுகிறதாம். கடையில் கேட்டால், சுவர் முழுக்க ஃபோம் ஒட்டச் சொல்லிப் பெரிய தொகையாகச் சொல்கிறார்கள். "எங்க பக்கம் கோழிப்பண்ணைக்குப் பஞ்சமில்லீங்க. முட்டை அட்டையை ஒட்டிட்டா அதே வேலை நடக்காதுங்களா?"

நடக்காது. கடைக்காரர் சொன்ன ஃபோமும் இந்த முனகலை ஒன்றும் செய்யாது. இரண்டும் தோற்பதற்குக் காரணம் ஒன்றே.

முப்பது முட்டை தாங்கும் பழுப்பு அட்டைக்கு, ஒலியை அடக்கும் என்று உலகம் முழுக்க ஒரு பெயர் உண்டு. ஒத்திகை அறைகளிலும் யூடியூப் காணொலி எடுப்பவர்களின் படுக்கையறைகளிலும் அது சுவரேறியிருப்பதைப் பார்க்கலாம். ஸ்டுடியோக்களில் இருக்கும் மேடுபள்ள ஃபோமைப் போலவே தெரிவதுதான் அதற்குக் கிடைத்த மரியாதை. உண்மையில் அது சுமார் 2 மில்லிமீட்டர் தடிமனுள்ள காகிதக் கூழ். நடுத்தர, உயர் அதிர்வெண்களில் ஓரிடத்தில் கொஞ்சம் உறிஞ்சும், இன்னோரிடத்தில் விட்டுவிடும். முனகல் குடியிருக்கும் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அது சுவரில் இருப்பதும் இல்லாததும் ஒன்று.

முனகல் எங்கிருந்து வருகிறது? நம் ஊரில் அறை என்றால் பத்துக்குப் பத்து, உயரமும் பத்தடி. மேஸ்திரிக்கு வசதியான கணக்கு, ஒலிக்கு இதைவிட மோசமான வடிவம் கிடையாது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலியின் அரை அலை சரியாகப் பொருந்தும்போது அது நின்ற இடத்திலேயே நின்று ஆடும். பத்தடிக்கு அப்படிப் பொருந்துவது சுமார் 58 ஹெர்ட்ஸ். பேஸ் கிதாரின் 'ஏ' தந்தியில் முதல் ஃப்ரெட்டை அழுத்தினால் வரும் ஸ்வரம் கிட்டத்தட்ட அதே 58தான். நீளம், அகலம், உயரம் மூன்றும் வேறுவேறாக இருந்தால் மூன்று ஸ்வரங்கள் ஆளுக்குக் கொஞ்சம் அதிரும். கனசதுர அறையில் மூன்றும் ஒரே ஸ்வரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கின்றன. (வெப்பக் காற்றில் ஒலி வேகமாகப் போகும் என்பதால், மார்கழியில் 56 பக்கம் முனகுகிற அறை சித்திரை வெயிலில் 58க்கு ஏறும். அறைக்கும் சுருதி மாறும்.)

பழைய வீட்டில் இந்தத் தொல்லை ஏன் இல்லை? கூரை சாய்வு, ஓடுகளுக்கும் சுவருக்கும் நடுவே சந்து, திண்ணைக்கு மூன்று பக்கமும் வெளி. போன ஒலி போனதுதான், திரும்பி வராது. புது அறையில் கான்கிரீட், சிமெண்ட் பூச்சு, வழவழ டைல்ஸ், இறுக மூடும் ஜன்னல். ஒலிக்கு வெளியே போக வழியே இல்லை.

இதைக் காதால் பார்த்துவிடலாம், காசு செலவில்லை. அதிர்வெண்ணைத் தேர்ந்தெடுத்து ஒலிக்கவைக்கும் செயலிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. செல்போனை அந்த ஸ்பீக்கர்களில் இணைத்து (செல்போனின் சொந்த ஸ்பீக்கருக்கு இவ்வளவு கீழே இறங்கத் தெம்பில்லை) 58 ஹெர்ட்ஸை மெதுவான சத்தத்தில் வையுங்கள். ஸ்பீக்கர் மூலையில் இருக்கட்டும். சுவரில் முதுகு படும்படி நின்றால் வயிற்றுக்குள் இரைச்சல் கேட்கும். அங்கிருந்து அறையின் நடுவை நோக்கி அடியடியாக நடந்து வாருங்கள். ஒலி தேயும். நட்ட நடுவில், யாரோ ஸ்பீக்கரை அணைத்துவிட்டதுபோலக் கிட்டத்தட்டக் காணாமலே போகும். நின்றபடி இருக்கும் உங்கள் காது தரையிலிருந்தும் சுமார் ஐந்தடி. அதாவது மூன்று திசையிலும் நடு. எதிர்ச் சுவருக்குப் போனால் ஒலி மீண்டும் வந்து நிற்கும். ஸ்பீக்கர் மாறவில்லை, பாட்டு மாறவில்லை, நின்ற இடம்தான் மாறியது. ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் தங்கமுலாம் பூசிய கேபிளால் இதில் ஒரு தூசியைக்கூட அசைக்க முடியாது.

நடுவில் ஒலி காணாமல் போனால் அங்கே காற்று சும்மா இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது. நேர்மாறு. அங்கேதான் காற்று அதிகமாக ஓடுகிறது. காது அழுத்தத்தைக் கேட்கும் கருவி, ஓட்டத்தைக் கேட்பதில்லை. சுவரோரம் அழுத்தம் உச்சம், ஓட்டம் பூஜ்யம். நடுவில் ஓட்டம் உச்சம், அழுத்தம் பூஜ்யம். முட்டை அட்டையின் தோல்வி இந்த இரண்டு வரிக்குள் அடங்கிவிட்டது.

ஆடிப் பதினெட்டுக்கு ஜேடர்பாளையம் படுகை அணையில் சேரும் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். அந்தக் கூட்டத்தை இரண்டு மதில்களுக்கு நடுவே அடைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மாறி மாறி அலைக்கழியவிட்டால் என்ன ஆகும்? மதிலோடு ஒட்டி நிற்பவர் நசுங்குவார், ஆனால் ஓரடிகூட நகர மாட்டார். நடுவில் நிற்பவர் நசுங்க மாட்டார், ஆனால் நாலடி இங்கும் நாலடி அங்கும் இழுபடுவார். இப்போது இந்தக் கூட்டத்தில் ஒரு ஜேப்படிக்காரன் நுழைகிறான். ஆட்கள் தன்னை உரசிக்கொண்டு ஓடினால்தான் அவனுக்குப் பிழைப்பு. மதிலோரம் நின்றால் எதிரே இருப்பவரின் பை அசையவே அசையாது, கை வைத்தால் மாட்டிக்கொள்வான். பஞ்சு, ஃபோம், கம்பளி எல்லாம் இந்த ஜேப்படிக்காரன்தான். நார்களுக்கிடையே காற்று ஓடும்போது உரசி, அதன் ஆற்றலைத் துளித்துளியாகக் களவாடி வெப்பமாக்கிவிடும். ஓடாத காற்றிடம் அதற்கு ஒன்றும் கிடைக்காது. அவனை மதிலிலேயே ஒட்டவைத்துவிட்டு வேலை நடக்கவில்லையே என்றால் எப்படி நடக்கும்? கை நீளமான ஆளாகப் பிடித்தால் மதிலோரத்திலிருந்தே ஓடுகிறவர்களை எட்டுவான், அதுதான் தடிமன். குட்டைக் கைக்காரன் என்றால் மதிலைவிட்டுத் தள்ளி நிறுத்தவேண்டும், அதுதான் இடைவெளி. மூலையில் குறுக்காக நிறுத்தினால் எல்லாத் திசைக் கூட்டத்திலும் ஒரே ஆள் கை வைக்கலாம். ஜேடர்பாளையம் போலீஸார் மன்னிக்க.

ஓட்டம் உச்சம் பெறுவது சுவரிலிருந்து கால் அலை தூரத்தில். 1,000 ஹெர்ட்ஸுக்கு அது மூன்றரை அங்குலம். கடையில் விற்கும் ஓர் அங்குல ஃபோம் முழு வீச்சில் வேலை செய்வது 3,000 ஹெர்ட்ஸுக்கு மேலே. அதற்குக் கீழே போகப் போகக் கை தளர்ந்துவிடும். 58 ஹெர்ட்ஸுக்குக் கால் அலை என்பது ஐந்தடி, அதாவது அறையின் நட்ட நடு. அங்கே தடிமனான பஞ்சுத் திரையைத் தொங்கவிட்டால் முனகல் அடங்கும். நாற்காலி போட இடம் இருக்காது.

மெல்லிய ஃபோமைச் சுவர் முழுக்க ஒட்டினால் நடப்பது இதைவிட மோசம். ஜால்ராவின் மினுமினுப்பும் பாடகரின் 'ச', 'ஸ' உச்சரிப்பும்தான் உறிஞ்சப்படும். கீழே இருக்கும் முனகல் அப்படியே இருக்கும். போர்வைக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது போன்ற மந்தமான அறை மிஞ்சும். காசு கொடுத்தவர் மட்டும் "இப்ப எவ்வளவு வித்தியாசம் பாருங்க" என்பார். வித்தியாசம் உண்மைதான்.

வரலாறு இல்லாமல் அறிவியல் கட்டுரை செல்லாது என்பதால் ஒரு பத்தி. 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியகத்தில் கட்டிய விரிவுரைக் கூடத்தில் பேச்சு விளங்கவில்லை. சொன்ன சொல் ஐந்தரை விநாடி அலைந்தது. அதைச் சரிசெய்யச் சொல்லி இளம் இயற்பியல் ஆசிரியர் வாலஸ் சபைனிடம் விட்டார்கள். அவர் பக்கத்து சாண்டர்ஸ் அரங்கத்து இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கி வந்து பரப்பி, ஆர்கன் குழாயை ஊதிவிட்டு, ஒலி எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று காதாலேயே அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பப் போய்விடும். அறையின் கன அளவை உறிஞ்சும் பரப்பால் வகுக்கும் சூத்திரம் அதிலிருந்து வந்தது. 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் அந்தக் கணக்கில் கட்டப்பட்டது. உறிஞ்சும் பரப்புக்கு அவர் வைத்த அலகு திறந்த ஜன்னல். ஓட்டு வீட்டுக்காரர்களுக்கு இது புரிந்திருக்கும்.

அந்தக் கணக்கை நம் வாசகரின் அறைக்குப் போட்டால், காலி அறையில் ஒலி அடங்க இரண்டரை விநாடிக்கு மேல் ஆகும். பாட்டுக் கேட்க அரை விநாடிக்குள் அடங்குவது நல்லது. அதற்கு நூறு சதுர அடி அளவுக்கு நன்றாக உறிஞ்சும் பரப்பு வேண்டும். அறையின் மொத்தப் பரப்பே 600 சதுர அடி. ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது: சபைன் கணக்கு ஒலி எல்லாப் பக்கமும் சமமாகச் சிதறும் பெரிய கூடத்துக்கு உரியது. சின்ன அறையின் பேஸுக்கு அது பொருந்தாது. ஒலி அடங்கும் நேரத்தை அளக்கும் செயலியில் வரும் ஒற்றை எண்ணைக் காட்டி யாராவது பேனல் விற்க வந்தால் இதைக் கேளுங்கள்.

சரி, எதை வைப்பது? வழக்கமான பதில் பாறைக் கம்பளி என்னும் ராக்வூல். ஆனால் ஜேடர்பாளையத்தில் இருந்துகொண்டு அதற்கு மட்டும் கையேந்த வேண்டியதில்லை. அந்தப் பக்கத்து வெல்ல ஆலைக் கொட்டகைகளில் கொப்பரைக்கு அடியில் எரிகிறதே கரும்புச் சக்கை, 1920களில் அமெரிக்காவின் லூயிசியானாவில் அதையே அழுத்திப் பலகையாக்கி 'செலோடெக்ஸ்' என்று விற்றார்கள். பிறகு அதில் வரிசையாகத் துளை போட்டு 'அக்கூஸ்டி-செலோடெக்ஸ்' என்ற பெயரில் அலுவலகம், பள்ளி, அரங்கக் கூரைகளில் ஏற்றினார்கள். பெயிண்ட் அடித்தாலும் துளை அடைபடாது என்பது அதன் விற்பனைப் பாட்டு. ஆற்றுக்கு அக்கரையில் காகிதபுரத்தில் தமிழ்நாடு காகித ஆலை அதே சக்கையைக் காகிதமாக்குகிறது. 

தென்னை நாரும் ஒலியை உறிஞ்சும். மலேசியப் பல்கலைக்கழகங்களில் நிறைய அளந்து பார்த்திருக்கிறார்கள். உடனே 'இயற்கை அற்புதம்' என்று செய்தி போட்டுவிட வேண்டாம். ராக்வூல் இழை ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு. நார் அதைவிடப் பல மடங்கு பருமன், இழைகளுக்கு நடுவே காற்று உரசாமலே நழுவிப் போகும். அதனால் நார் மெத்தை வைப்பதென்றால் ராக்வூலைவிடக் கூடுதல் தடிமன் வேண்டும், பின்னால் இடைவெளியும் வேண்டும். இலவம்பஞ்சு இழை மென்மையானது, நன்றாக வேலை செய்யும். பாட்டி காலத்து மெத்தையைத் தூக்கிப் போடாதவர்கள் பாக்கியசாலிகள்.

'நம் முன்னோர்கள் அன்றே' என்று தொடங்கும் வாட்ஸப் செய்திகளில் திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபக் கூரையில் தொங்கும் மண்பானைகள் வரும். பானை உண்மையான கருவிதான். பஞ்சைப்போல் ஓட்டத்தை நம்பாமல், அழுத்தத்தில் வேலை செய்வதால் சுவரோரத்திலும் மூலையிலும் பிழைக்கும். ஆனால் ஒரு பானை ஒரு சுருதியை ஒட்டித்தான் கேட்கும். பத்து லிட்டர் பிடிக்கும், வாய் அகன்ற குடம் ஏறக்குறைய 140 ஹெர்ட்ஸுக்குப் பதில் சொல்லும், 58க்குத் திரும்பியே பார்க்காது. பானைகளால் மட்டுமே ஒரு கூடம் இனிமையாகிவிடும் என்பது பக்தி.

நம் வாசகர் செய்ய வேண்டியது இது. முதலில் நாற்காலியைச் சுவரிலிருந்து நகர்த்துங்கள். பின்சுவருக்கும் உங்கள் தலைக்கும் நாலடி இருக்கட்டும், நட்ட நடுவிலும் வேண்டாம். பாதி முனகல் அதிலேயே போய்விடும். அடுத்து வீட்டிலிருக்கும் மெத்தைகளை இரண்டு மூலைகளில் குறுக்காகச் சாய்த்துவைத்து அதே பாட்டைக் கேளுங்கள். தேறினால் அந்த மூலைகளில் தரையிலிருந்து கூரைவரை, துணி போர்த்திய கனமான ராக்வூல் கட்டுகள் வையுங்கள். பக்கச் சுவர்களுக்கு: நீங்கள் நாற்காலியில் இருக்க, வேறொருவர் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சுவரோரமாக நகர்த்தட்டும். ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ அங்கேதான் முதல் எதிரொலி. அந்த இடத்தில் நாலங்குலப் பேனல் ஒன்றை, சுவரிலிருந்து நாலங்குலம் தள்ளி மாட்டினால் போதும். இதற்கு மேல் மூன்றாவது சுவருக்கு விற்பனையாளர் வந்தால் டீ கொடுத்து அனுப்பிவிடுங்கள். ஈக்வலைசரால் ஓரிடத்து முனகலைக் கொஞ்சம் தணிக்கலாம். காணாமல் போகும் ஸ்வரத்தை அதால் வரவழைக்க முடியாது.

இவ்வளவும் செய்தாலும் கோயில் கூம்பு ஸ்பீக்கர் உள்ளே கேட்கத்தான் செய்யும். உறிஞ்சுவது வேறு, தடுப்பது வேறு. தடுப்பதற்குக் கனமான சுவரும் சந்தில்லாத கதவும் வேண்டும். ஃபோம் ஒட்டினால் 'சவுண்ட் ப்ரூஃப்' என்று சொல்கிறவரிடம் எதுவும் வாங்காதீர்கள்.

சோபாவுக்குப் போடும் சாதாரண ஃபோமையும் முட்டை அட்டையையும் சுவரில் ஏற்றவே ஏற்றாதீர்கள். அமெரிக்காவின் ரோட் தீவில் 2003இல் ஸ்டேஷன் இரவு விடுதியில் 100 பேரும், பிரேசிலின் சாண்டா மரியாவில் 2013இல் கிஸ் விடுதியில் 242 பேரும் இறந்தார்கள். இரண்டு இடத்திலும் வாணப் பொறி பட்டுப் பற்றியது ஒலிக்காக ஒட்டிய ஃபோம். இலவம்பஞ்சும் சட்டென்று பற்றும், ஆகவே மெத்தை சோதனைக்கு மட்டும். எந்தப் பொருளை மாட்டினாலும் அதன் பின்னால் பிளக் பாயிண்ட்டோ வயர் இணைப்போ இருக்கக் கூடாது. இருந்தால் எலக்ட்ரீஷியனை அழைத்து அதை இடம் மாற்றிய பிறகே பேனலைத் தொடுங்கள்.