திட்டு எந்த மொழியில் சுடும்?

தமிழ்நாட்டின் சின்னசேலம் வட்டாரத்தில், வீட்டுக்குள் தெலுங்கும் வாசலைத் தாண்டினால் தமிழுமாக வாழும் குடும்பங்கள் உண்டு. மக்காச்சோள மூட்டைக்கு விலை பேசுவது, பஸ்ஸில் சில்லறைக்குச் சண்டை போடுவது, பள்ளிக்கூடம், பஞ்சாயத்து எல்லாம் தமிழில்தான். பேரன் பெரியவர்களை எதிர்த்துப் பேசிவிட்டால் மட்டும் பாட்டி வாயில் தமிழ் வராது. "சிக்கு லேதாரா நீக்கு?" என்றுதான் வரும். அதையே "வெக்கமா இல்லியாடா?" என்று கேட்டிருந்தால் பையன் சிரித்தபடி நழுவியிருப்பான். தெலுங்கில் கேட்டதும் தலை குனிகிறது.

இரண்டு மொழியிலும் பொருள் ஒன்றுதான், பையனுக்கு இரண்டும் நன்றாகத் தெரியும். பிறகு ஏன் ஒன்று சுடுகிறது, இன்னொன்று சுடவில்லை?

இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். பாஸ்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கேதரின் ஹாரிஸும் சகாக்களும் 2003-ல் வெளியிட்ட ஆய்வில் 32 துருக்கியர்கள் கலந்துகொண்டார்கள். எல்லோரும் 12 வயதுக்குப் பிறகு ஆங்கிலம் கற்றவர்கள். அவர்களுடைய விரல்களில் மின்முனைகளைப் பொருத்தி, உணர முடியாத அளவு மின்சாரத்தைச் செலுத்தினார்கள். மனம் பதறினால் நரம்பு மண்டலம் வியர்வைச் சுரப்பிகளை முடுக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஈரத்தில் தோலின் மின்கடத்தல் கொஞ்சம் கூடும். சொல் காதில் விழுந்த ஓரிரு விநாடியில் கருவியின் கோடு மேலே ஏறும். முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளலாம். விரல் நுனியை அப்படி அடக்க முடியாது.

கெட்ட வார்த்தைகள் இரண்டு மொழியிலும் கோட்டை ஏற்றின. மொழிக்கு மொழி பெரிய வித்தியாசம் தெரிந்தது வேறு இடத்தில்: சின்ன வயதில் வீட்டார் கண்டிக்கும் வாக்கியங்களில். "வெட்கமாக இல்லையா" என்ற ரகத்து வாக்கியம் துருக்கியில் ஒலித்தபோது கோடு எகிறியது. ஆங்கிலத்தில் அதே கண்டிப்பு பெரிதாக எதையும் கிளறவில்லை. துருக்கியில் கேட்டபோது வீட்டார் யாரோ தம்மைத் திட்டுவது போலவே மனதுக்குள் குரல் கேட்டதாகச் சிலர் பிறகு சொன்னார்கள். சின்னசேலத்துப் பாட்டிக்கு இந்த ஆய்வு தேவைப்பட்டிருக்காது.

தாய்மொழி ரத்தத்தில் ஓடுகிறது என்று மேடையில் முழங்குவார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் விஷயம் அப்படி இல்லை. ஹாரிஸ் அடுத்து ஸ்பானிய மொழி பேசும் குடும்பங்களிலிருந்து வந்தவர்களிடம் இதே சோதனையைச் செய்தார். ஓரளவு வளர்ந்த பிறகு ஆங்கிலத்துக்கு வந்தவர்களிடம் துருக்கியர்களிடம் கண்ட அதே வித்தியாசம் இருந்தது. அமெரிக்காவிலேயே வளர்ந்து, சிறு வயதிலிருந்தே ஆங்கிலம் புழங்கியவர்களுக்கோ இரண்டு மொழியும் ஏறக்குறைய ஒரே மாதிரி சுட்டன. அப்படியானால் சூடு பிறப்போடு வருவதில்லை. ஒரு சொல்லோடு அடி, அணைப்பு, பயம், பசி எல்லாம் சேர்ந்து வந்திருந்தால் அந்தச் சொல் சூடேறிவிடுகிறது. குழந்தைக்கு மொழி படியும் ஆண்டுகளும் உணர்ச்சியை அடக்கப் பழகும் ஆண்டுகளும் ஒன்றே. மூளையில் பயத்தைக் கவனிக்கும் அமிக்டலாவும் நினைவைச் சேர்க்கும் ஹிப்போகாம்பஸும் அப்போது பக்கத்தில் நின்றே வேலை செய்கின்றன. வகுப்பறையில் அர்த்தம் எழுதி மனப்பாடம் செய்த சொல்லுக்கு அந்தத் துணை கிடைப்பதில்லை. லண்டனில் பணியாற்றிய ஆய்வாளர் ஜான்-மார்க் டவேல், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பன்மொழியாளர்களிடம் கேள்விகள் கேட்டுத் திரட்டிய பதில்களும் இதையே காட்டுகின்றன. பெரும்பாலோருக்குத் திட்ட முதல் மொழிதான் வசதி. ஆனால் இரண்டாம் மொழியிலேயே காதலித்து, சண்டை போட்டு, பிள்ளை வளர்த்தவர்களிடம் அந்த மொழியும் சூடேறியிருந்தது.

இனி மொழி மாறும்போது மூளைக்குள் நடப்பதற்கு வருவோம். ஒரு மொழியில் பேசும்போது மற்றது தூங்குவதில்லை. இரண்டும் விழித்திருக்கும், வேண்டாததை மூளை அழுத்திப் பிடித்து வைக்கிறது. 1999-ல் மியூட்டர், ஆல்போர்ட் என்ற ஆய்வாளர்கள் இதை எளிமையாகக் காட்டினார்கள். திரையில் எண் தோன்றும், பின்னணி நிறத்தைப் பார்த்து அதை எந்த மொழியில் சொல்வதென்று முடிவு செய்ய வேண்டும். மொழி மாறும்போதெல்லாம் கொஞ்சம் தாமதம் ஆனது. ஆனால் பலவீனமான மொழிக்குப் போவதைவிட, சரளமான முதல் மொழிக்குத் திரும்புவதற்கே அதிக நேரம் பிடித்தது! பலசாலியை அழுத்த அதிக பலம் வேண்டும், விடுவிக்கவும் கூடுதல் நேரம் ஆகும் என்று விளக்கம் சொன்னார்கள்.

உணர்ச்சி கலந்தால் இந்த அழுத்தம் எப்படி மாறுகிறது? எனக்கு மிகவும் பிடித்த சோதனை இங்கேதான் வருகிறது. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் உள்ள பேங்கர் பல்கலைக்கழகத்தில் யான் ஜிங் வூவும் கியோம் தியெரியும் சீன மாணவர்களுக்கு ஆங்கிலச் சொற்களை இரண்டிரண்டாகக் காட்டினார்கள். பொருளில் சொந்தம் இருக்கிறதா இல்லையா என்று சொன்னால் போதும். சில ஜோடிகளின் சீன மொழிபெயர்ப்பில் ஒரே ஒலி ஒளிந்திருந்தது. மாணவர்களுக்கு அது தெரியாது. ஆனால் தலையில் பொருத்திய மின்முனைகளில் பதிவான அலை காட்டிக்கொடுத்துவிட்டது: ஆங்கிலத்தில் படிக்கும்போதே மூளை சத்தமில்லாமல் சீனத்தையும் புரட்டிக்கொண்டிருந்தது. 2012-ல் வெளியான அடுத்த ஆய்வில், சாதாரணச் சொற்களுக்கும் இனிய சொற்களுக்கும் அப்படியே நடந்தது. தோல்வி, வன்முறை போன்ற கசப்பான சொற்கள் வந்தால் மட்டும் அந்தப் புரட்டல் நின்றுபோனது. படிப்பவருக்குத் தெரியாமலே மூளை தாய்மொழிக் கதவைச் சாத்திவிடுகிறது.

நம் பேச்சைக் கவனித்தால் இதன் ஒரு சாயல் தெரியும். துக்க வீட்டில் "எத்தனை மணிக்கு பாடி எடுக்கிறாங்க?" என்கிறோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் "எக்ஸ்பயர் ஆயிட்டார்" என்கிறோம். கடைக்காரரிடம் நாப்கின் கேட்கும் பெண் "பீரியட்ஸ்" என்றுதான் சொல்வாள். காதலைச் சொல்லப் பதறும் பையன்களுக்கும் ஆங்கிலமே துணை. நாகரிக மோகம் என்று இதைப் பழிப்பவர்கள் உண்டு. எனக்கு அது பாதி உண்மையாகவே படுகிறது. மறுபாதி, சூடான பாத்திரத்தைத் துணி வைத்துப் பிடிப்பது போன்ற தற்காப்பு.

சூடு குறைந்தால் முடிவும் மாறுமா? ஆய்வாளர் ஆல்பர்ட் கோஸ்டாவின் குழு 2014-ல் பல நாட்டு மாணவர்களிடம் ஒரு பழைய தர்மசங்கடத்தைக் கேட்டது. பாலத்திலிருந்து ஒருவரைத் தள்ளிவிட்டால் பாய்ந்து வரும் வண்டி நின்று, கீழே தண்டவாளத்தில் நிற்கும் ஐந்து பேர் பிழைப்பார்கள், தள்ளுவீர்களா? தாய்மொழியில் கேட்டபோது ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் தள்ளுவேன் என்றார். அந்நிய மொழியில் கேட்டபோது மூன்றில் ஒருவர். அதற்குக் காரணம் தெளிவா, மனதின் ஈரம் குறைந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு நீதிமன்றம்தான் ஞாபகம் வந்தது. நம்மூரில் கீழ்க் கோர்ட்டில் சாட்சி தமிழில் அழுதுகொண்டே சொன்னது, சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போகும்போது ஆங்கிலக் காகிதமாகிவிடும். கோஸ்டாவின் மாணவர்களையும் நீதிபதிகளையும் அப்படியே ஒப்பிடக் கூடாது. முப்பது நாற்பது வருடம் ஆங்கிலத்திலேயே வாதாடி, கோபப்பட்டு, தோற்று, ஜெயித்த ஒருவருக்கு அது அந்நிய மொழியாக இருக்காது. டவேல் திரட்டிய பதில்களும் அப்படித்தான் சொல்கின்றன. சாட்சியின் நிலை வேறு. தெலுங்கில் திட்டு வாங்கியவர் தமிழில் சாட்சி சொல்கிறார் என்றால், அவர் கதை ஆங்கிலத்துக்குப் போகும் முன்பே ஒரு முறை ஆறியிருக்கிறது. குரல் நடுங்கவில்லை, அதனால் நம்ப முடியவில்லை என்று அவரை யாரும் எடைபோடுவது நியாயமில்லை.